"சேர், இது ஆருக்கிட்ட என்னத்தக் கேக்குது?"



போன வியாழக்கிழமை பாடசாலை விட்ட பிறகு கணினி கூடத்தில் உயர்தர மாணவன் ஒருவன் இருந்தான். மூலையில் கிடக்கும் பழைய கம்பியூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறோம். அதில் 'ஈமெக்ஸ்' என்ற டெக்ஸ்ட் எடிட்டரை ரெடிமேட்டாக இறக்காமல், சோர்ஸ் கோட்டை எடுத்துத் தானே கட்டிப் பார்க்க அவனுக்கு ஆசை. 'கொன்பிகர்' என்ற ஸ்கிரிப்டை ஓடவிட்டான். திரையில் வரி வரியாக வந்தது. அது இருக்கிறதா? இருக்கிறது. இது இருக்கிறதா? இல்லை. இப்படி நூற்றுக்கணக்கில். கடைசியில் 'டிபுட்ஸ்' என்று எதையோ காணவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது.

அவன் திரும்பிப் பார்த்துக் கேட்டான்: "சேர், இது ஆருக்கிட்ட என்னத்தக் கேக்குது?"

பதிலை அங்கே முழுதாகச் சொல்லி முடிக்க நேரம் கிடைக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கம்பியூட்டர் படிக்காதவர்களும் வாசிக்கக் கூடியதாகத்தான் எழுதப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சமையல் குறிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். "இரண்டு சுண்டு அரிசி" என்றால் நமக்கு விளங்கும். அதே குறிப்பை வேறு நாட்டுக்கு அனுப்பினால் அங்கே அரிசி இருக்கும், பானை இருக்கும், ஆனால் சுண்டு என்றால் என்னவென்று தெரியாது. அளவு அங்கேயும் உண்டு, பெயர்தான் வேறு. சோர்ஸ் கோட் என்பது அந்தக் குறிப்பு மாதிரி. 1980களில் யுனிக்ஸ் உலகம் ஆளுக்கொரு அளவுப் பெயர் வைத்திருந்த உலகம்.

யுனிக்ஸ் என்ற பணிசெயல் முறைமை, அதாவது ஒபரேட்டிங் சிஸ்டம், 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்தது. அதன் சொந்தக்காரர் ஏ.டி.அன்ட்.டி என்ற தொலைபேசிக் கம்பனி. 1956 ஆம் ஆண்டின் நீதிமன்றத் தீர்வொன்றால் அந்தக் கம்பனிக்கு கம்பியூட்டர் வியாபாரத்தில் இறங்க முடியாத நிலை. ஆகவே பல்கலைக்கழகங்களுக்கு யுனிக்ஸைக் குறைந்த கட்டணத்தில், சோர்ஸ் கோட்டோடு கொடுத்தார்கள். சோர்ஸ் கையில் கிடைத்தால் மாணவர்கள் சும்மா இருப்பார்களா? கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜோய் என்ற பட்டப்பின்படிப்பு மாணவர் மாற்றங்களைச் சேர்த்து 1978 இல் பி.எஸ்.டி என்ற பெயரில் நாடா மூலம் அனுப்பத் தொடங்கினார். மறுபக்கம் ஏ.டி.அன்ட்.டியின் சொந்த வழி 1983 இல் சிஸ்டம் ஃபைவ் ஆனது. சன், டி.ஈ.சி, எச்.பி, ஐ.பி.எம், மைக்ரோசொப்ட் என்று ஒவ்வொரு கம்பனியும் இந்த இரண்டில் ஒன்றையோ இரண்டையும் கலந்தோ எடுத்துத் தன் பெயரை வைத்துக்கொண்டது. எல்லாம் யுனிக்ஸ்தான். ஆனால் ஒன்றுக்கு எழுதியது மற்றதில் ஓடாது.

வித்தியாசங்கள் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். ஒரு சொல்லுக்குள் ஓர் எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடும் வேலைக்கு பேர்க்லியில் 'இன்டெக்ஸ்' என்று பெயர். சிஸ்டம் ஃபைவில் அதே வேலைக்கு 'ஸ்ட்ர்-சி-எச்-ஆர்'. கோப்பின் பெயர் பேர்க்லியில் 255 எழுத்து வரை போகலாம், சிஸ்டம் ஃபைவில் 14 எழுத்துதான். பேர்க்லியில் கொன்ட்ரோல்-செட் அடித்தால் வேலையை இடைநிறுத்தி வைக்கலாம், மற்றதில் ஆரம்பத்தில் அந்த வசதியே இல்லை.

சாதாரண கணக்குப் பார்க்கும் புரோகிராமுக்கு இதில் பாதி கூடத் தடையாகாது. எடிட்டர் அப்படியல்ல. நீங்கள் என்டரைத் தட்டும்வரை அது காத்திருக்க முடியாது, ஒவ்வொரு விசையையும் அந்தந்தக் கணத்தில் பிடிக்க வேண்டும். திரையில் நினைத்த இடத்துக்குக் குறிகாட்டியை நகர்த்த வேண்டும். கோப்புக்குப் பிரதி எடுத்து வைக்க வேண்டும். ஈமெக்ஸ் பிரதிக்குப் பெயரின் கடைசியில் ஒரு குறியைச் சேர்க்கும். பெயர் ஏற்கெனவே 14 எழுத்தாக இருந்தால் அந்தக் குறியை எங்கே வைப்பது? எடிட்டர் தொடாத மூலை யுனிக்ஸில் குறைவு. அதனால் ஒரு முறைமைக்கும் இன்னொன்றுக்கும் இடையிலான ஒவ்வொரு வெடிப்பும் முதலில் எடிட்டரின் காலில்தான் குத்தும்.

இதில் ஒரு பகுதிக்கு பில் ஜோய் அந்தக் காலத்திலேயே வழி கண்டார். 'வீஐ' என்ற புகழ்பெற்ற எடிட்டரை எழுதியவரும் அவர்தான். வீட்டிலிருந்து 300 பாட் மோடத்தில் வேலை செய்தவர். இன்றைய பிள்ளைகளுக்கு அந்த வேகத்தை விளங்கப்படுத்தவே முடியாது, எழுத்து எழுத்தாக ஊர்ந்து வரும். அன்று டேர்மினல்கள் பல கம்பனிகளினது. ஒவ்வொன்றிலும் திரையை அழிக்க ஒரு கட்டளை, குறிகாட்டியை நகர்த்த இன்னொரு கட்டளை. ஜோய் 1978 இல் 'டேர்ம்கெப்' என்று ஒன்றை எழுதினார். எல்லா டேர்மினல்களின் இயல்புகளையும் ஒரே கோப்பில் எழுதி வைத்து, அதைப் பார்த்துப் பேசும் சில சிறு செயற்பாடுகளையும் சேர்த்தார். (வீஐ பாவிப்பவர்கள் ஏன் எச்-ஜே-கே-எல் விசைகளால் நகர்கிறார்கள் தெரியுமா? ஜோய் பாவித்த ஏ.டி.எம்-3ஏ டேர்மினலில் அம்புக்குறிகள் அந்த விசைகளின் மேல்தான் அச்சடிக்கப்பட்டிருந்தன.)

டேர்மினலுக்கு வழி கிடைத்தது. முறைமைக்கு என்ன செய்வது?

எம்.ஐ.டி ஆய்வுகூடத்தில் வேலை செய்த ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1984 இல் வேலையை விட்டு விலகி, யாரும் பாவிக்கலாம், பார்க்கலாம், மாற்றலாம் என்ற நிபந்தனையோடு மென்பொருள் எழுத இறங்கினார். 1985 இல் க்னூ ஈமெக்ஸ் வெளியானது. அதன் நாடாவை 150 டொலருக்கு விற்று அந்த வருமானத்தில் வாழ்ந்தார். நாடா வந்தால் உடனே ஓடாது, உங்கள் இயந்திரத்துக்கு ஏற்ப நீங்கள்தான் கட்ட வேண்டும்.

அன்றைய முறை இப்படி. நாடாவில் இரண்டு வகைக் கோப்புகள் இருந்தன. 'எம்' என்று தொடங்குபவை இயந்திரத்துக்கு, 'எஸ்' என்று தொடங்குபவை பணிசெயல் முறைமைக்கு. உங்களிடம் இருப்பது வாக்ஸ் இயந்திரமா, அதில் ஓடுவது பேர்க்லியின் 4.2 பதிப்பா? அப்படியென்றால் அமைப்புக் கோப்பைத் திறந்து அந்த இரண்டின் பெயரையும் கையால் எழுத வேண்டும். எந்தெந்த இயந்திரத்தில் ஓடும், எதில் என்ன குறை என்று தனியாக ஒரு பட்டியலும் கூட வந்தது.

அந்த 'எஸ்', 'எம்' கோப்புகளில் இருந்த அறிவை ஸ்டோல்மன் தனியாகச் சேர்த்திருக்க முடியாது. அவரிடம் எல்லா இயந்திரமும் இருக்கவில்லை. எங்கோ ஒரு ஊரில் ஸெனிக்ஸ் வைத்திருந்தவர், வேறெங்கோ எச்.பி இயந்திரம் வைத்திருந்தவர் தாங்கள் முட்டி மோதிக் கண்டுபிடித்ததை எழுதி அனுப்பினார்கள். முகம் காணாத மனிதர்கள். அவர்கள் அனுப்பியதால் அதே இயந்திரம் வைத்திருந்த அடுத்தவருக்கு ஒரு வாரம் மிச்சம்.

கடினமான இடம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஈமெக்ஸின் பெரும்பகுதி லிஸ்ப் என்ற மொழியில் எழுதப்பட்டது. திறக்கும் ஒவ்வொரு தடவையும் அதையெல்லாம் ஏற்றினால் அன்றைய இயந்திரத்தில் பொறுமை போய்விடும். அதனால் கட்டும்போதே ஒரு தடவை ஏற்றி, அந்த நிலையில் நினைவகத்தில் இருப்பதை அப்படியே புதிய புரோகிராம் கோப்பாக எழுதிவிடுவார்கள். கோழிக்கறியைச் சமைத்து ஃப்ரீஸரில் வைப்பது போல. ஆனால் புரோகிராம் கோப்பின் உள்ளமைப்பு முறைமைக்கு முறைமை வேறு. ஆகவே இந்த உறையவைக்கும் வேலையை அமைப்பு மாறும்போதெல்லாம் புதிதாக எழுத வேண்டி வந்தது. அதைச் சரியாகச் செய்யாவிட்டால் எல்லாம் கட்டி முடிந்த பிறகு, கடைசிப் படியில், புரோகிராம் விழுந்துவிடும்.

பட்டியல் முறையின் உண்மையான குறை வேறு. உங்கள் இயந்திரம் பட்டியலில் இல்லாவிட்டால் நீங்கள் யாருமில்லை. பட்டியலில் இருந்தாலும் பெயரை நம்ப முடியாது. கம்பனி அடுத்த பதிப்பில் ஒரு வசதியைச் சேர்த்திருக்கும், கோப்பு இன்னும் "இதில் அது இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கும். பிள்ளை எந்தப் பாடசாலையிலிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு அதற்குக் கணக்கு வருமா வராதா என்று தீர்மானிக்கும் ஆசிரியரைப் போல. எனக்கும் அந்தப் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது.

வேறு வழியை லெரி வோல் 1984 இல் காட்டினார். பிறகு பேர்ள் மொழியை உருவாக்கியவர் அவர். தன் புரோகிராமோடு ஒரு ஸ்கிரிப்டை அனுப்பினார். அது முறைமையைத் தானே துருவிப் பார்க்கும், சந்தேகம் வந்தால் ஆளிடம் கேட்கும். பகிடியும் விடும்: யூனிஸ் என்ற, யுனிக்ஸ் மாதிரி நடிக்கும் சூழலில் நீங்கள் இல்லையென்று கண்டால் உங்களுக்கு வாழ்த்துச் சொல்லும்!

1991 இல் டேவிட் மெக்கென்ஸி க்னூவின் சிறு புரோகிராம்கள் பலவற்றைப் பராமரித்துக்கொண்டிருந்தார. பாவிப்பவர் கையால் தெரிவு செய்ய வேண்டியவை ஏறத்தாழ இருபதாகிவிட்டன. அந்தத் தொல்லையிலிருந்து பிறந்ததுதான் ஓட்டோகொன்ஃப். அது செய்யும் கொன்பிகர் ஸ்கிரிப்ட் இயந்திரத்தின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு நம்பிவிடுவதில்லை. இரண்டு மூன்று வரியில் ஒரு குட்டிப் புரோகிராமை எழுதும், கொம்பைலரிடம் கொடுக்கும். கட்டுப்பட்டால் "இருக்கிறது", இல்லாவிட்டால் "இல்லை" என்று குறித்துக்கொள்ளும். பிறகு அடுத்தது. மாணவன் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். அது கேட்பது அந்தக் கம்பியூட்டரிடமே. கேட்பது வாயால் அல்ல, செய்து பார்த்து.

அதே 1991 இல் பின்லாந்தில் ஒரு மாணவர் லினக்ஸைத் தொடங்கினார். பழைய பட்டியல்கள் எதிலும் இல்லாத பெயர். பெயரைப் பார்த்து மட்டும் இடம் கொடுக்கும் உலகமாக இருந்திருந்தால் அதற்கு ஒவ்வொரு புரோகிராமின் வாசலிலும் காத்துக் கிடக்க நேர்ந்திருக்கும்.

ஈமெக்ஸ் 1993 இல் வந்த 19 ஆம் பதிப்பில் கொன்பிகர் முறைக்கு மாறியது. ஆனாலும் 'எஸ்', 'எம்' கோப்புகள் உடனே போய்விடவில்லை, 2010கள் வரை ஒவ்வொன்றாகத்தான் கழற்றினார்கள். உறையவைக்கும் பழைய முறைக்குப் பதிலாக எல்லா முறைமைக்கும் பொதுவான வழி 2020 இல், 27 ஆம் பதிப்பில்தான் வந்தது. 35 வருடம்!

கொன்பிகரையும் புகழ்ந்து தள்ள மாட்டேன். மெதுவாக ஓடும். எந்தப் பழைய ஷெல்லிலும் ஓட வேண்டும் என்பதற்காக எழுதிய அந்த ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தால் கண் கட்டும். இன்று உலகத்தில் எல்லா இயந்திரத்திலும் இருப்பதையும் இருக்கிறதா இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கேள்விகள் பலவற்றுக்கு "இல்லை" என்று சொல்லக்கூடிய இயந்திரங்கள் எப்போதோ இரும்புக் கடைக்குப் போய்விட்டன.

சரி, மாணவனின் கதைக்கு வருகிறேன். அன்று காணாமல் போன 'டிபுட்ஸ்' என்னவென்று தேடிப் பார்த்தோம். அது பில் ஜோயின் டேர்ம்கெப்பில் உள்ள ஒரு சிறு செயற்பாடு. டேர்மினலுக்குக் கட்டளைகளை அனுப்புவது அதன் வேலை. டேர்மினல் மெதுவானதென்றால் அது மூச்சுவிட இடையில் கொஞ்சம் அவகாசமும் கொடுக்கும். இப்போது 'என்-கேர்சஸ்' என்ற தொகுதிக்குள் இருக்கிறது. அதன் டிவெலொப்மன்ட் பகுதியை நாங்கள் அந்தக் கம்பியூட்டரில் போட்டிருக்கவில்லை.

என் போனில் ஹொட்ஸ்பொட் போட்டுக் கொடுத்தேன், அவன் இறக்கினான். திரும்ப கொன்பிகர் அடித்தான். இந்தத் தடவை 'டிபுட்ஸ்' வரி வந்தபோது இரண்டு பேரும் பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "இருக்கிறது" என்று வந்தது. கட்டி முடிய நாற்பது நிமிடம் எடுத்தது. வோச்சர் ஐயா இரண்டு தடவை கதவடியில் வந்து சாவியைக் குலுக்கிவிட்டுப் போனார்.