பின்னல் அறையில் பிறந்த பாலர் பள்ளி

பாலர் கல்வியின் வரலாற்றைக் கூறுவோர் ஜெர்மானிய அறிஞர் பிரோபெலிடமிருந்து தொடங்குவது வழக்கம். அவர் 1837-ஆம் ஆண்டில் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் சிறு குழந்தைகளுக்கென ஒரு நிலையத்தை நிறுவினார்; 1840-இல் அதற்குக் ‘கிண்டர்கார்ட்டன்’, அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயர் சூட்டினார். பெயர் அவர் தந்ததே. ஆயினும், பள்ளி வயதை எட்டாத பாலரை ஓரிடத்தில் கூட்டி, அவர்தம் கைக்கும் கண்ணுக்கும் நாவுக்கும் பயிற்சி தரும் முயற்சி, அதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகட்கு முன்பே பிரான்சு நாட்டின் மலைக் கிராமங்களில் நடைபெற்றது. அதனை நடத்தியவர்கள் கல்விமான்கள் அல்லர். குடியானவர் வீட்டுப் பெண்கள். அம்முயற்சி குழந்தைகளுக்கு எவற்றை அளித்தது, அதன் பாரத்தைச் சுமந்தவர் யாவர் என்பதை இங்கு நோக்குவோம்.

அல்சாஸ் பகுதியில், வோஜ் மலைச் சாரலில், பான் தெ லா ரோஷ் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. ஜெர்மன் மொழியில் அதனைக் ‘கற்பள்ளத்தாக்கு’ என்பர். பெயருக்கேற்ப வறண்ட மண், நெடிய குளிர்காலம். 1767-ஆம் ஆண்டில் ஓபெர்லின் என்னும் லூதரன் சபைப் பாதிரியார், தமது இருபத்தேழாம் வயதில், அங்குள்ள வால்டர்ஸ்பாக் கிராமத்துக்கு ஊழியம் செய்ய வந்தார். அவருக்கு முன்பு அங்கிருந்த ஸ்டூபர் என்ற பாதிரியார் எழுத்தறிவுக்கு வித்திட்டிருந்தார். பெரிய பிள்ளைகளுக்குப் பள்ளி இருந்தது. ஆனால் பெற்றோர் வயலுக்குச் சென்றபின், மிகச் சிறிய குழந்தைகளைப் பேணுவதற்கு ஆள் இல்லை.

இக்குறையைத் தீர்க்க முதலில் முற்பட்டவர் பாதிரியார் அல்லர். பெல்மோன் என்ற கிராமத்தைச் சேர்ந்த சாரா பான்சே என்னும் இளம்பெண், அக்கம்பக்கத்துச் சிறுவர்களைத் தம் வீட்டிலே கூட்டி வைத்துக்கொண்டு, அவர்களுக்குப் பின்னல் வேலை கற்பித்து வந்தார். இதனைக் கேள்வியுற்ற ஓபெர்லின், 1769-இல் அவரை முறையாகப் பணியில் அமர்த்தினார். பின்னர்ச் சுற்றுக் கிராமங்களிலும் இத்தகைய இடங்கள் தோன்றின. வாடகையையும் ஊதியத்தையும் பாதிரியார் தம் சொந்தப் பொருளிலிருந்தே கொடுத்தார். அப்பகுதி வீடுகளில் கணப்பு மூட்டிய அறை ஒன்றே குளிர்காலத்தில் குடும்பம் கூடும் இடம். அத்தகைய அறையில் நடந்தமையால் இப்பள்ளிகளுக்குப் ‘பின்னல் அறை’ என்றே பெயர் வழங்கிற்று.

குழந்தைகள் அங்கே பெற்றவை யாவை? முதலாவது, வெதுவெதுப்பான ஓரிடமும் அன்புடன் நோக்கும் ஒரு கண்ணும். இதனை அற்பமென எண்ணுதல் தகாது. பனி மூடிய மலையூரில் இவ்விரண்டும் இல்லாத குழந்தைக்கு ஏனைய கல்வியால் பயன் ஏதும் இல்லை. இரண்டாவது, கைத்தொழில். ஐந்தாறு வயதினர் பின்னவும் நூற்கவும் தைக்கவும் கற்றனர். இரண்டு மூன்று வயதினர் அருகில் இருந்து பார்த்தும் விளையாடியும் பொழுது போக்கினர். ஒருத்தி கைவேலையை நடத்த, மற்றொருத்தி கதையும் விளையாட்டும் சொல்லித் தந்தாள். மூன்றாவது, காட்சி வழியே அறிவு. கைகள் சோர்ந்தபோது வண்ணப் படங்கள் வெளிவரும். விவிலியக் காட்சிகளும், விலங்கு, பறவை, செடி கொடிகளும் அவற்றில் இருக்கும். மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட தேசப்படங்களும் உண்டு. முதலில் தம் பள்ளத்தாக்கு, பின்னர் பிரான்சு, அதன்பின் ஐரோப்பா என்று, அண்மையிலிருந்து சேய்மைக்குச் செல்லும் முறையை அங்கே காண்கிறோம். வானிலை நன்றாக இருந்தால் செடிகளைத் தேடி உலாப் போவதும் பாடத்தில் அடங்கும். இவற்றோடு ஞானப்பாட்டும், பொய் பேசாமை, தூய்மை ஆகிய பழக்கங்களும் சேர்ந்தன. அது கிறிஸ்தவச் சபையின் பள்ளி. சமயபோதனை அதன் உயிர்நாடியாகவே இருந்தது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம் போன்றோரின் கருத்தைப் பெரிதும் கவர்வது நான்காவது செய்தி. அம்மலை மக்கள் பேசியது லொரேன் வகையைச் சார்ந்த ஒரு வட்டார வழக்கு. செம்மையான பிரெஞ்சு அவர்களுக்கு அயல்மொழி போன்றதே. ஆகவே பின்னல் அறையில் ஒரு படத்தைக் காட்டும்போது, அதன் பெயரை முதலில் வீட்டு மொழியிலும், பின்னர் பிரெஞ்சிலும் சொல்லித் தருவர். தெரிந்த சொல்லின் கைப்பிடித்துத் தெரியாத சொல்லுக்குச் செல்லும் இம்முறை இன்றும் பாராட்டத் தக்கது. 1794-இல் பிரெஞ்சுப் புரட்சியின் தேசிய மாமன்றம், பிரெஞ்சு மொழியைப் பரப்பியதற்காக ஓபெர்லினைச் சிறப்பித்தது. ஆனால் இப்புகழுக்கு மறுபுறமும் உண்டு. வழியாக வைக்கப்பட்ட வீட்டு மொழி, ஊர் சேர்ந்தபின் கைவிடப்பட்டது. தலைமுறைகள் செல்லச் செல்ல அது ஒடுங்கியது. அவ்வழக்கைப் பற்றி 1775-இல் ஓர் ஆராய்ச்சி நூல் எழுதி வெளியிட்டவர், பாதிரியாரின் தமையனாரான மொழியறிஞர் ஜெரெமி ஜாக் ஓபெர்லின். தம்பி எதனைக் கடந்து செல்லக் கற்பித்தாரோ, அதனைத் தமையன் ஏட்டில் காத்து வைத்தார். குழந்தைக்கு ஒரு பெருமொழியைத் தருவது நன்மையே. அதன் பொருட்டு வீட்டு மொழியை இழப்பது அவசியமா என்பது பல மொழிகள் வழங்கும் நம் நாட்டுக்கும் உரிய கேள்வி.

சாரா பான்சே முப்பது வயது நிரம்பும் முன்பே 1774-இல் காலமானார். அவர் தொடங்கியதை நெடுங்காலம் வளர்த்தவர் லூயிஸ் ஷெப்லர். 1763-இல் பிறந்த இவர், இளவயதிலேயே பாதிரியாரின் இல்லத்தில் பணிப்பெண்ணாகச் சேர்ந்தவர். 1783-இல் பாதிரியாரின் மனைவி மறைந்தபின், தாயற்ற அக்குழந்தைகளையும் பின்னல் அறைகளையும் ஒருங்கே பேணினார். தமக்கு ஊதியமே வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். 1826-இல் ஓபெர்லின் இறந்தபோது, அவருடைய மக்கள் தந்தையின் சொத்தில் தமக்குச் சமமான பங்கை லூயிஸுக்கு அளிக்க முன்வந்தனர். அவர் அதனை ஏற்கவில்லை. தம் பெயரோடு ஓபெர்லின் என்ற பெயரையும் சேர்த்துக்கொள்ளும் உரிமையை மட்டுமே வேண்டினார். 1829-இல் பிரெஞ்சு அகாதமி அவருக்கு 5,000 பிராங்குப் பரிசு வழங்கியது. எனினும், உலகம் நினைவில் வைத்தது பாதிரியாரின் பெயரையே. 1833-இல் அமெரிக்காவில் ஓர் ஊருக்கும் கல்லூரிக்கும் சூட்டப்பட்டதும் அப்பெயரே.

இம்முயற்சிக்கும் நம் நாட்டுப் பாலர் நிலையங்களுக்கும் நேர்த்தொடர்பு இருந்ததென்று நாம் கூற வரவில்லை. ஆயினும் ஒப்பிட்டு நோக்கின் ஒரு படிப்பினை உண்டு. 1945-இல் மகாராஷ்டிரக் கடற்கரை ஊரான போர்டியில் தாராபாய் மோடக் அம்மையார் கிராமப் பாலர் கல்வியைத் தொடங்கியபோது, பள்ளிக்கு வராத குழந்தையைத் தேடி அதன் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டு சென்றார். அங்கே முற்றம், இங்கே கணப்பறை. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் நிலையங்களுக்கு நாம் வழங்கும் ‘அங்கன்வாடி’ என்ற பெயரிலும் அம்முற்றமே ஒலிக்கிறது.

சிறு பாலர் பள்ளி ஒன்றின் பெருமை கட்டடத்திலோ கருவிகளிலோ இல்லை என்பதைப் பான் தெ லா ரோஷ் காட்டுகிறது. ஓர் அறை, சில படங்கள், கொஞ்சம் நூல், பொறுமை மிக்க ஒரு பெண் என்ற அளவிலேயே அது நிலைத்தது. ஆனால் இதைச் சொல்லும்போது நாம் ஒன்றை மறத்தலாகாது. லூயிஸ் ஊதியத்தை மறுத்தது அவருடைய தியாகம். அதனைப் பிறரிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. நம் அங்கன்வாடிப் பணியாளர் இன்றும் பெறுவது சம்பளம் அன்று, மதிப்பூதியமே. குழந்தைகளின் முதல் ஆசிரியைகளைப் போற்றும் சொற்கள் நம்மிடம் ஏராளம் உள்ளன; அச்சொற்களுக்கு ஈடான ஊதியத்தையும் அவர்களுக்கு அளிப்பது நம் கடமையாகும்.