பரியாரி

யாழ்ப்பாணத்துப் பேச்சில் நாட்டு வைத்தியரைக் குறிக்கும் சொல் 'பரியாரி', மரியாதையாகப் 'பரியாரியார்'. பரிகாரம் என்ற வடசொல்லிலிருந்து வந்த 'பரிகாரி' பேச்சில் பரியாரி ஆயிற்று. பரிகாரம் என்றால் நீக்குதல், தீர்வு செய்தல். தமிழகத்தில் பரியாரி என்ற சொல் நாவிதரையும் குறிக்கும். அங்கே அவர்கள் சிகிச்சையும் செய்து வந்தவர்கள்.

மருத்துவர் என்ற சொல் மருந்தோடு உறவுடையது. வைத்தியர் வித்தையால், அதாவது கல்வியால் பெயர் பெற்றவர். பரியாரியோ செய்த செயலால் பெயர் பெற்றவர். ஒழுக்கவியலார் கடமை, விளைவு, பண்பு என்று மூன்று வழிகளில் அறத்தை அளப்பார்கள். அவற்றுள், நோய் தீர்ந்ததா என்று விளைவைக் கேட்கும் சொல் பரியாரி. ஆனால் ஊர் அவரைக் 'கைராசிக்காரர்' என்று புகழும்போது பண்பும் அதில் கலந்துவிடுகிறது. (கைராசியை எந்தப் பரீட்சையிலும் அளக்க முடியாது என்பது வேறு கதை.)

யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் பெயர் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் பரியாரி மரபின் ஏடுகள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். நோயாளிக்கு விளங்கும் மொழியில் பேசுவதும் மருத்துவ அறமே. இன்று கைதடியில் சித்த போதனா மருத்துவமனை இயங்குகிறது; ஆனால் அங்குள்ள வைத்தியர்கள் பரியாரிகள் அல்லர், 'டொக்டர்'கள்தான்.