இடிந்த ஆலயமும் எஞ்சிய அடுக்களையும்: யூதர் திருநாள்களும் யாழ்ப்பாணத்துக் குடும்ப வழிபாடும்

திருநாள்களைச் சமயக் கோட்பாட்டின் புறவெளிப்பாடாக மட்டுமே நோக்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. ஆலயம், புரோகிதர், நூல் என்பவற்றை ஆராய்வோர் அடுக்களையை ஆராய்வதில்லை. ஆயின், அரசியல் அதிகாரம் ஆலயத்தை இடித்து, புரோகிதரைத் துரத்தி, நூலைத் தடைசெய்த காலங்களிலும் திருநாள்கள் அழியாது நின்றமைக்கு வரலாறு சான்று பகர்கின்றது. அவற்றைக் காத்தது எது, காத்தவர் யாவர் என்னும் வினாக்களை இக்கட்டுரையில் எழுப்ப விழைகின்றோம். அதற்கென யூதரின் விவிலியத் திருநாள்களையும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் குடும்ப வழிபாட்டையும் அருகருகே வைத்து நோக்குகின்றோம். இவ்விரு சமூகங்களுக்குமிடையே இரத்த உறவையோ மொழியுறவையோ நிறுவுவது நம் நோக்கமன்று. ஒத்த வரலாற்று நெருக்கடிகள் ஒத்த சமூக விளைவுகளைத் தோற்றுவிக்கும் என்பதே நாம் காட்ட முயல்வது.

1

யூதரின் பெருந்திருநாள்கள் மூன்றும் வேளாண்மை வாழ்வோடு பிணைந்தவை. இளவேனிற் காலத்துப் பாஸ்கா வாற்கோதுமை அறுவடைத் தொடக்கத்தை ஒட்டியது. அதன் பின் ஏழு வாரங் கழித்து வரும் வாரங்களின் பண்டிகை கோதுமை அறுவடைக்குரியது. இலையுதிர் காலத்துக் கூடாரப் பண்டிகை பழங்களையும் விளைவையும் சேகரித்து முடித்த நிறைவைக் குறிப்பது. பாஸ்காவும் கூடாரப் பண்டிகையும் முழுமதியைச் சார்ந்து வருபவை. சந்திர மாதங்களைப் பருவங்களோடு இணக்குதற்கு இடையிடையே ஒரு மாதத்தை மிகுதியாகச் சேர்க்கும் முறையும் அவர்களிடம் உண்டு. தைப்பொங்கலையும் ஆடிப்பிறப்பையும் கொண்டாடும் நமக்கு இவ்வடித்தளம் அந்நியமானதன்று.

இவ் வேளாண்மைத் திருநாள்கள் காலப்போக்கில் வரலாற்று நினைவுகளை ஏற்றன. பாஸ்கா எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டமையின் நினைவாயிற்று. கூடாரப் பண்டிகை பாலைவனத்து அலைச்சலின் நினைவாயிற்று. இந்நினைவை அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கும் பொறுப்பு பெற்றோர்க்கே விதிக்கப்பட்டது. இச்சடங்கின் பொருள் யாது எனப் பிள்ளைகள் வினவுவர் என்றும், அதற்குப் பெற்றோர் விடுதலையின் கதையைக் கூறவேண்டும் என்றும் யாத்திராகமம் பணிக்கின்றது. பிள்ளையின் வினாவே சடங்கின் உறுப்பாக அமைந்துள்ளமை ஆழ்ந்து நோக்கற்பாலது.

கி.பி. 70இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தனர். பலிகள் நின்றன, மூன்று திருநாள்களிலும் எருசலேமுக்குச் சென்ற யாத்திரையின் பழைய வடிவமும் நின்றது. ஆயினும் பாஸ்கா மறையவில்லை. இல்லத்து உணவு மேசைக்கு இடம்பெயர்ந்தது. புளியாத அப்பமும் கசப்புக் கீரையும் விளக்கப்பெற்று, கடைக்குட்டிப் பிள்ளை வினவ, வீட்டார் விடையிறுக்கும் இராவுணவுச் சடங்காக அது உருப்பெற்றது. ஆலயத்தை இழந்த மக்கள் வீட்டையே சிற்றாலயமாக்கினர் எனலாம்.

2

இவ்வில்லத் திருநாளுக்கு மிகக் கடுஞ்சோதனை வாய்த்தது போர்த்துக்கல்லிலேயாகும். 1497இல் அந்நாட்டு யூதர் வலிந்து கிறித்தவராக்கப்பட்டுப் ‘புதிய கிறித்தவர்’ எனப்பட்டனர். 1536இல் அங்கும் 1560இல் கோவாவிலும் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. ஆங்கு அடுக்களையே சான்றாயிற்று. சனிக்கிழமையிலே தூய ஆடை அணிதல், அன்று அடுப்பு மூட்டாமை, பன்றியிறைச்சியை விலக்குதல் ஆகியன குற்றத்தின் அடையாளங்களாகக் கொள்ளப்பட்டன. இதனால் வழிபாடு மேலும் உள்ளொடுங்கியது. வெள்ளி மாலை விளக்கு மறைவிடத்தில் ஏற்றப்பட்டது. ஒற்றரின் கண்ணுக்குத் தப்புவதற்காகச் சில குடும்பங்கள் பாஸ்காவை உரிய நாளுக்குப் பிந்திக் கொண்டாடின. தன் குலத்தை மறைத்து வாழ்ந்த எஸ்தர் அரசியின் நினைவாக நோற்கும் விரதம் தனிச் சிறப்புப் பெற்றது. விருந்துக்குப் புறச்சான்று உண்டு. விரதத்துக்கு அது அரிது. இம்மறைவழிபாட்டைத் தாயிடமிருந்து மகளுக்குக் கையளித்தோர் பெரும்பாலும் பெண்களே. போர்த்துக்கல்லின் பெல்மொந்தே ஊரில் இம்மரபு இருபதாம் நூற்றாண்டு வரை தொடர்ந்தது.

அதே போர்த்துக்கேய அரசே யாழ்ப்பாணத்தையும் ஆண்டது என்பதை இங்கு நினைவிற்கொள்ளல் வேண்டும். 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது. 1621இல் பிலிப் தெ ஒலிவேறா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடிப்பித்தான். 1658இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் சைவ வழிபாட்டைத் தடுத்ததோடு கத்தோலிக்கரையும் ஒடுக்கினர். திருமுழுக்கும் திருமணமும் சீர்திருத்தத் திருச்சபையின் பதிவேட்டில் ஏறவேண்டியிருந்தது. சொத்துரிமையும் பதவியும் அப்பதிவோடு தொடர்புற்றிருந்தமையால், பதிவேட்டில் கிறித்தவராகவும் வீட்டிற் சைவராகவும் வாழும் இரட்டை வாழ்க்கை உருவாயிற்று.

அக்கால இல்லத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தியொன்றுண்டு. விரத நாள்களில் உணவுண்ட வாழையிலையை வெளியே எறிந்தால் அதிகாரிகளின் ஆட்கள் கண்டுகொள்வர் என அஞ்சி, அதனைக் கூரையின் இறப்பிலே செருகி மறைத்தனர் என்பர். இது செவிவழிச் செய்தியே. எனவே ஆவணத்துக்கு நிகராக இதனை நாம் எடுத்தாளவில்லை. எனினும் ஒரு சமூகம் தன் ஒடுக்குமுறைக் காலத்தை எப்பொருளைக் கொண்டு நினைவுகூர்ந்தது என்பதற்கு இது சான்றாகும். அது வாளையோ வீரனையோ தெரிந்தெடுக்கவில்லை. எச்சில் இலையைத் தெரிந்தெடுத்தது. அவ்விலையை இட்டவளும் எடுத்தவளும் வீட்டுப் பெண்ணே. போர்த்துக்கல்லின் மறைத்த விளக்கும் குடாநாட்டின் மறைத்த இலையும் ஒரே ஆதிக்கத்தின் நிழலில் தோன்றிய இரு நினைவுச் சின்னங்கள்.

3

யூதரின் திருநாள்கள் குடாநாட்டை வந்தடைந்தது மக்கள் வழியாகவன்று, நூல் வழியாகவேயாம். 1816இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையும் தோன்றின. இத்தகைய நிலையங்களிற் பயின்ற இளைஞர் பஸ்கா, ஓய்வுநாள், கூடாரப் பண்டிகை எனும் சொற்களைத் தம் பாடங்களிற் கற்றனர். வீடு திரும்பியபோதோ தாய்மாரின் கந்தசஷ்டி விரதத்தையும் வெள்ளிக்கிழமை விளக்கையும் கண்டனர். அவை மூடநம்பிக்கை எனப் பாடசாலையிற் கூறப்பட்டது. மகன் தாயின் அடுக்களையை எக்கண்கொண்டு நோக்குவது என்பது அன்றைய குடும்பங்கள் பலவற்றின் உட்பூசலாயிற்று.

இப்பூசலுக்கு அறிவுத்தளத்தில் விடை கண்டவர் ஆறுமுக நாவலர் (1822–1879). வெஸ்லியன் மிசன் பாதிரியார் பீற்றர் பேர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு அவர் துணைநின்றார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் அச்சேறியது. பழைய ஏற்பாட்டைச் சொல்சொல்லாக ஆராயும் வாய்ப்பு அவருக்கு இதனாற் கிட்டியது. 1854இல் வெளிவந்த ‘சைவதூஷண பரிகார’த்தில் அப்பயிற்சியின் பயன் தெரிகின்றது. தீபம், தூபம், நிவேதனம், தூய்மைச் சடங்கு, புண்ணிய காலம் முதலியன பழிக்கத்தக்கனவாயின், அவற்றையொத்தவற்றை இஸ்ரவேலர்க்குக் கடவுளே விதித்ததாகக் கூறும் நூலை மிசனரிமார் எவ்வாறு போற்றுவர் என்பது அவர் வாதத்தின் சாரம். யூதரின் திருநாளைச் சான்றாக நிறுத்திச் சைவரின் திருநாளை அவர் காத்தார். தாயின் விளக்கைக் குறித்து மகன் நாணவேண்டியதில்லை என்னும் உறுதி அதனாற் பிறந்தது. குடியேற்றவாதச் சூழலில் இது பெரும் அறிவுச் சாதனை என்பதில் ஐயமில்லை.

4

எனினும் ஒன்றைக் கூறாதுவிடுதல் வரலாற்று நேர்மையாகாது. அவ்விவாதம் கிரியையின் வடிவத்தைச் சுற்றியே சுழன்றது; திருநாளின் சமூக உள்ளடக்கம் பின்தள்ளப்பட்டது. உபாகமத்தின் பதினாறாம் அதிகாரம் திருநாளிலே யார் யார் கூடி மகிழவேண்டும் என நிரைப்படுத்துகின்றது. மகனும் மகளும் மட்டுமல்லர். வேலைக்காரனும் வேலைக்காரியும், ஊரிலுள்ள அந்நியனும், திக்கற்ற பிள்ளையும், விதவையும் அந்நிரையில் உளர். லேவியராகமத்திலே திருநாள்களைத் தொகுத்துரைக்கும் அதிகாரமே, வயலின் ஓரத்து விளைவை எளியவனுக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடுமாறு பணிக்கின்றது.

இந்நூல் வாசிக்கப்பட்ட யாழ்ப்பாணம் எத்தகையது? 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையில் அடிமைகள் பற்றிய விதிகள் இடம்பெற்றிருந்தன. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844இலேதான். அடிமைகளின் விடுதலையைக் கொண்டாடும் பாஸ்காவின் கதையைத் தமிழாக்கிய தலைமுறை, அடிமைமுறையின் முடிவைக் கண்முன் கண்ட தலைமுறையாகும். ஆயினும் நிலவுடைமை உறவுகள் மாறவில்லை. பொங்கற் பானைக்குரிய நெல்லை விளைவித்தவன் முற்றத்துக்கு வெளியே நின்றான். அவனுக்குச் சிரட்டையிலும் பிளாவிலும் உணவு கிடைத்தது. நாவலர் சாதியொழுங்கை ஏற்றார். மிசனரிமாரோ அதனைக் கோட்பாட்டளவிற் கண்டித்தபோதும் நடைமுறையிற் பலவிடத்து விட்டுக்கொடுத்தனர். பாடசாலைகளிற் சமஆசனமும் சமபோசனமும் வேண்டி எழுந்த போராட்டம் 1929–30 ஆண்டுகளில் உக்கிரமடைந்தது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலை 1968இலும் ஒடுக்கப்பட்டோர் தட்டவேண்டியிருந்தது. அடுக்களை மரபைக் காத்தது உண்மையே. அதே அடுக்களை தீண்டாமையையும் காத்தது. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்காத ஆய்வு குறையாய்வேயாகும்.

5

ஆட்சியாளரால் ஒடுக்கப்பட்ட நினைவு ஒரு மக்களைத் தானாகவே நீதிமான்களாக்கிவிடுவதில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரமே. ஐந்து ஆண்டுகளின் பின், 1995 ஒக்டோபர் இறுதியில், வலிகாமத்துத் தமிழரும் தம் வீடுகளைப் பூட்டிவிட்டு வெளியேற நேர்ந்தது. 1983இன் பின் பெருகிய புலப்பெயர்வினால் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் இன்று பல கண்டங்களிற் சிதறியுள்ளன. பனிபெய்யும் நகரத்து மாடிவீட்டிலே, தீயறிவிப்புக் கருவி அலறிவிடுமோ என்னும் அச்சத்தோடு பொங்கற் பானை ஏற்றப்படுகின்றது. அங்கும் பிள்ளைகள் இது ஏன் என வினவுகின்றனர்.

அவ்வினாவுக்கு நாம் கூறப்போகும் விடையே முக்கியமானது. கோயில் இடிக்கப்பட்ட கதையையும் இலை மறைக்கப்பட்ட கதையையும் மட்டும் கூறுவோமாயின் நம் துன்பமே நம் உடைமையாகிவிடும். நீங்களும் எகிப்திலே அந்நியராயிருந்தீர்கள்; ஆதலின் அந்நியனை ஒடுக்காதீர்கள் என்பதே பாஸ்காவின் கதையிலிருந்து விவிலியம் திரும்பத் திரும்பப் பெறும் முடிவு. முற்றத்துக்கு வெளியே நின்றவனையும், சில மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போனவனையும் சேர்த்துச் சொல்லும் கதையே முழுக்கதையாகும். திருநாளை அடுத்த தலைமுறைக்குக் கையளித்த பெண்களின் உழைப்பையும், அத்திருநாளின் பந்தியில் இடம் மறுக்கப்பட்டோரின் வரலாற்றையும் ஒருங்கே எழுதும் கடமை நம் ஆய்வாளர்க்கு உண்டு. அவ்வரலாற்றை எழுதத் தொடங்குவோர் கோயிற் கல்வெட்டோடு நில்லாது, அடுக்களையின் வாயிலிலும் சற்று நின்று செவிமடுத்தல் வேண்டும்.