போஸின் முப்பட்டகங்களும் இருநூறு நானோமீட்டரும்

கொல்கத்தாவில் யாரிடமாவது ஜகதீச சந்திர போஸ் பேச்சை எடுத்துப் பாருங்கள். இரண்டாவது நிமிடத்தில் மார்க்கோனி வந்துவிடுவார். "ரேடியோவைக் கண்டுபிடித்தது எங்கள் ஆள், பேர் வாங்கியது இத்தாலிக்காரன்" என்று தொடங்கினால் டீ ஆறும்வரை ஓடும். எங்கள் அலுவலகத்து தாதாக்கள் (இங்கே தாதா என்றால் அண்ணன், பயப்பட வேண்டாம்) அத்தனை பேருக்கும் இந்த வழக்கு மனப்பாடம்.

வந்த நாள் முதல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தச் சண்டையில் போஸ் உண்மையில் செய்த வேலையில் பாதி மறைந்துபோகிறது என்பதுதான் என் ஆதங்கம். அவருடைய நேரடி வாரிசுகள் ரேடியோக்காரர்கள் இல்லை, சிலிக்கான் சில்லுக்குள் ஒளியை ஓட்டுகிற ஃபோட்டானிக்ஸ்காரர்கள் என்பது என் கட்சி. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

போஸ் 1885-ல் பிரெசிடென்ஸி கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்குக் குறைந்த சம்பளம் என்றார்கள். மூன்று வருஷம் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார். ஆய்வகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு சின்ன அறை, கருவி செய்து கொடுக்க உள்ளூர்த் தகர வேலைக்காரர் ஒருவர், அவ்வளவுதான்.

மின்காந்த அலை உண்டு என்று ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் நிரூபித்து அப்போது சில வருஷங்களே ஆகியிருந்தன. அந்த அலை ஒளியைப் போலவே வளைகிறதா என்று பார்க்க ஹெர்ட்ஸ் கீல் போன்ற பொருளில் ஒரு முப்பட்டகம் வார்த்தார். அதன் எடை அரை டன்னுக்கு மேல்! அலை நீளமாக இருந்தால் கருவியும் பெரிதாக இருந்தாக வேண்டும். போஸ் இதைத் திருப்பிப் போட்டார். அலையைச் சின்னதாக்கினால் கருவியும் சின்னதாகும், மேசை மேலேயே எல்லாம் முடிந்துவிடும். 1895 வாக்கில் 5 மில்லிமீட்டர் அலைகள் வரை உண்டாக்கி வேலை செய்தார். இன்றைய கணக்கில் 60 கிகாஹெர்ட்ஸ். 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் செய்தே காட்டினார்.

கையில் கிடைத்ததெல்லாம் அவருக்குக் கருவி. பிராட்ஷா ரயில்வே அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு இடையே ஈயத்தாள் செருகி, அலையை ஒரே தளத்தில் அதிரவைக்கும் வடிகட்டி செய்தார். ஹூக்ளிக் கரை மில்களில் மலைமலையாகக் கிடந்த சணலை எடுத்து முறுக்கினார். அலை அதன் வழியே போனால் அதிர்வுத் தளம் திரும்பியது. எதிர்ப்பக்கம் முறுக்கினால் எதிர்ப்பக்கம் திரும்பியது. சர்க்கரைக் கரைசல் ஒளிக்குச் செய்வதை முறுக்கிய சணல் மைக்ரோவேவுக்குச் செய்தது. 1898-ல் வந்த அந்தக் கட்டுரையை 'மெட்டாமெட்டீரியல்' ஆராய்ச்சியாளர்கள் இன்றும் தங்கள் வரலாற்றின் முதல் பக்கங்களில் வைக்கிறார்கள்.

இப்போது முப்பட்டகங்களுக்கு வருகிறேன். கண்ணாடிக்குள் போகும் ஒளி உள்பக்கமாகச் சாய்வாக மோதினால் முழுசாகத் திரும்பிவிடும். முழு அக எதிரொளிப்பு, பள்ளிக்கூடத்தில் படித்தது. பள்ளிக்கூடத்தில் சொல்லாத விஷயம், அந்த ஒளி பரப்பைத் தாண்டி ஒரு துளி வெளியே எட்டிப்பார்க்கும் என்பது. சுமார் ஓர் அலைநீளத் தூரத்துக்குள் மங்கிவிடும். அந்தத் தூரத்துக்குள் இன்னொரு கண்ணாடியை வைத்தால் ஒளி இடைவெளியைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். நியூட்டனே இதைக் கவனித்திருக்கிறார். ஆனால் ஒளிக்கு அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அன்றைக்கு அதைக் கட்டுப்படுத்தி அளப்பது பெரும்பாடு.

போஸின் அலை ஒளியைவிடப் பத்தாயிரம் மடங்கு நீளம். ஆகவே இடைவெளியும் மில்லிமீட்டர் கணக்குக்கு வந்துவிட்டது. இரண்டு முப்பட்டகங்களை எதிரெதிரே வைத்து, தள்ளித் தள்ளி, எவ்வளவு தூரத்தில் எவ்வளவு தாண்டுகிறது என்று அளந்தார். மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகளுக்குச் சின்னது பெரிது தெரியாது. அமைப்பின் அளவுக்கும் அலையின் நீளத்துக்கும் உள்ள விகிதம்தான் கணக்கு.

இங்கிருந்து பெங்களூருக்கு வாருங்கள். என் கல்லூரித் தோழன் ஒருவன் அங்கே நானோஃபேப்ரிகேஷன் ஆராய்ச்சி செய்கிறான். அவன் செய்வது சிலிக்கானில் வெட்டிய ஒளிப்பாதைகள். அகலம் 500 நானோமீட்டர், உயரம் 220. பக்கத்திலேயே ஒரு வளையம். பாதைக்கும் வளையத்துக்கும் நடுவே 200 நானோமீட்டர் இடைவெளி. தலைமுடியின் தடிமனில் சில நூறில் ஒரு பங்கு. ஃபைபரில் ஓடும் 1550 நானோமீட்டர் ஒளி இதில் வந்தால், வளையத்துக்குப் பொருந்தும் நிறம் மட்டும் இடைவெளியைத் தாண்டி வளையத்துக்குள் ஏறும், மற்றது நேரே போகும். பல நிறங்களில் வரும் தகவலைப் பிரித்தெடுக்க இதுவே போதும். போஸின் இரண்டு முப்பட்டகங்கள் செய்த அதே வேலைதான்!

சொல்வது சுலபம். சிலிக்கான் மேல் ரெசிஸ்ட் பூசி, எலெக்ட்ரான் கற்றையால் படம் வரைந்து, கழுவி, பிளாஸ்மாவால் அரிக்க வேண்டும். எலெக்ட்ரான் வரைந்த இடத்தோடு நிற்பதில்லை. அடியிலிருந்து தெறித்து வந்து அக்கம்பக்கத்தையும் சுட்டுவிடுகிறது. முதலில் அடைவது அந்த 200 நானோமீட்டர்தான். அகலம் ஒரே ஒரு நானோமீட்டர் மாறினாலும் வளையம் தேர்ந்தெடுக்கும் நிறம் கிட்டத்தட்ட ஒரு நானோமீட்டர் நகர்ந்துவிடும். டிசைனுக்கு இரண்டு வாரம், இடைவெளி ஒழுங்காகத் திறக்க எட்டு மாசம் என்று தோழன் சொன்னபோது எனக்குத் தகர வேலைக்காரர்தான் நினைவுக்கு வந்தார்.

சின்னதாகச் செய்ய முடியாவிட்டால் அலையைப் பெரிதாக்கு என்ற யுக்தி போஸோடு முடியவில்லை. 1987-ல் எலி யப்லோனோவிச்சும் சஜீவ் ஜானும் தனித்தனியே ஃபோட்டானிக் படிகங்களைப் பற்றி எழுதினார்கள். ஒளியளவில் அதைச் செதுக்க அன்று வழியில்லை. யப்லோனோவிச் மில்லிமீட்டர் அளவில் துளை துளையாகப் போட்டு மைக்ரோவேவில் சோதித்தார். வருஷக்கணக்கில் தோல்வி. 1991-ல்தான் அமைப்பு கைகூடியது. பிறகு அதே விகிதத்தைச் சிலிக்கானில் சுருக்கிக்கொண்டார்கள்.

நம் ஊரில் என்ன ஆயிற்று? 1900-க்குப் பிறகு போஸின் கவனம் செடிகொடிகள் பக்கம் போய்விட்டது. மில்லிமீட்டர் அலை வேலை அரை நூற்றாண்டு தூங்கியது. மார்க்கோனி எடுத்துக்கொண்டதால் போன நஷ்டம் ஒரு பெயர்தான். அந்த மேசையை இங்கே யாரும் தொடராததால் போனது கருவி செய்யும் பழக்கம். பெரிய நஷ்டம் இரண்டாவது என்பேன்.

அதனால்தான் பின்னால் நடந்த ஒரு காரியம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2006-ல் மத்திய அரசின் பணத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் மும்பை ஐஐடியிலும் நானோ எலெக்ட்ரானிக்ஸ் மையங்கள் தொடங்கின. 2008 முதல் வேறு கல்லூரிக்காரர்களும் வந்து அந்த இயந்திரங்களில் வேலை செய்ய ஒரு திட்டமும் வந்தது. எலெக்ட்ரான் கற்றை இயந்திரத்தின் விலை கோடிகளில். தகர வேலைக்காரரை வைத்து அதைச் செய்ய முடியாது. ஆனால் சின்னக் கல்லூரியில் இருக்கும் ஒருவருக்கு அதன் கதவு திறந்தால், சம்பளமில்லாத வாத்தியாருக்கு அன்று ஒரு மேசை கிடைத்த மாதிரி.

கொல்கத்தா பக்கம் வந்தால் ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ரோட்டில் போஸ் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. 1917-ல் அவரே தொடங்கியது. அவருடைய கருவிகளை அங்கே வைத்திருக்கிறார்கள். உங்களை யாராவது அங்கே கூட்டிப்போனால் வழியில் மார்க்கோனி கதையைக் கட்டாயம் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், பாதகமில்லை. உள்ளே போனதும் கருவிகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள்.