இலையுதிர்காலம் இல்லாத ஊரில் வண்ணம் தேடிய வரலாறு



கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறு பெரும்பொழுதுகளை வகுப்பில் கற்பிக்கும்போது, "சிங்கப்பூரில் இவற்றுள் எது வரும்?" என்று மாணவர் கேட்பது வழக்கம். சிவந்து உதிரும் இலைகளை ஆங்கிலப் படநூல்களில் பார்த்து வளரும் பிள்ளைகள், நம் ஊரில் பருவம் என்பதே இல்லை என்று எண்ணிவிடுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. அதை விளக்க நம் சாலையோர மரஞ்செடிகளின் வரலாறே போதுமானது.

குளிர்நாட்டுத் தோட்டங்களில் ஸ்பைரியா என்றொரு குறுஞ்செடி பெரிதும் விரும்பி வளர்க்கப்படுகிறது. இது ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. இமயமலை, சீனா, ஜப்பான் முதலிய இடங்களில் இயற்கையாக வளர்வது. இதன் சில வகைகளில் வசந்தத்தில் துளிர் செம்பு நிறமாக இருக்கும். கோடையில் வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் பூக்கள் கொத்தாக மலரும். இலையுதிர்காலத்தில் இலை சிவக்கும். ஒரே செடி மூன்று பருவங்களுக்கும் வண்ணம் தருவதால் அங்குள்ளோர் அதைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆனால் அது செழித்துப் பூக்கக் குளிர்கால ஓய்வு வேண்டும். நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு பாகை வடக்கே, ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் சிங்கப்பூரில் அந்த ஓய்வு கிடைப்பதில்லை. எனவே, வண்ணத்தை இவ்வூர் வேறு வழியில் தேட வேண்டியிருந்தது.

அத்தேடலின் தொடக்கம் பூமலை. நம் முன்னோர் பூமலை என்றழைத்த தாவரவியல் பூங்கா, 1859இல் தங்ளின் பகுதியில் ஒரு தோட்டக்கலைச் சங்கத்தால் தொடங்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் லாரன்ஸ் நிவன். 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லியிடம், 1893இல் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணி தம் தோட்டத்தில் மலர்ந்த புதியதோர் ஆர்க்கிட் மலரைக் காட்டினார். அவர் பெயராலேயே வழங்கும் அம்மலர் 1981இல் நம் தேசிய மலராயிற்று. ஆண்டு முழுவதும் பூக்கும் இயல்பு அதன் தனிச்சிறப்பு. பருவம் பார்த்துப் பூக்கும் செடியைவிட ஓயாது பூக்கும் செடியே இம்மண்ணுக்கு ஏற்றது என்பதற்கு அது நல்ல சான்று. 1928 முதல் பூமலையிலேயே ஆர்க்கிட் கலப்பின ஆய்வு நடைபெற்றது.

அடுத்த கட்டம் நகரம் முழுவதையும் தழுவியது. 1963 ஜூன் 16 அன்று பிரதமர் லீ குவான் இயூ ஃபாரர் சர்க்கஸ் பகுதியில் ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டு மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். 1967 மே மாதத்தில் 'பூந்தோட்ட நகரம்' என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1970 இறுதிக்குள் 55,000க்கும் மேற்பட்ட புதிய மரங்கள் நடப்பட்டன. 1971 நவம்பர் 7 அன்று கொண்டாடப்பட்ட முதல் மரம் நடும் நாளில், டாக்டர் கோ கெங் சுவீ ஃபேபர் மலையுச்சியில் தூங்குமூஞ்சி மரம் ஒன்றை நட்டார்.

முதலில் வேண்டியிருந்தது நிழல். அதற்கெனப் பரவலாக நடப்பட்டவற்றுள் அங்சானா மரமும் ஒன்று. பெரிய கிளையை வெட்டி ஊன்றினாலே அது வேர் பிடிக்கும் என்பதால் சாலைகள் விரைவில் பசுமையாயின. அங்சானா, சங்கப் புலவர் பாடிய வேங்கை மரத்தின் நெருங்கிய உறவு. இதன் மஞ்சள் பூக்கள் ஒருநாளே நிலைத்து, மறுநாள் நடைபாதையில் கம்பளமாய் விரிந்து கிடக்கும். பூ உதிர்ந்த பாறையைப் புலியெனக் கண்டு யானை மருளும் குறிஞ்சிக் காட்சியை விளக்க இதைவிடச் சிறந்த துணைக்கருவி ஏது?

நிழலுக்குப் பின் வண்ணம். நடைமேம்பாலங்களின் ஓரத் தொட்டிகளில் காகிதப்பூச் செடிகள் இடம்பெற்றன. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடியில் நாம் பூவென்று காண்பவை உண்மையில் பூவைச் சூழ்ந்த வண்ண இலைகளே. மிகுந்த நீர் கிடைத்தால் இது தழைக்குமேயன்றிப் பூக்காது. முழு வெயிலும் குறுகிய தொட்டியும் விரைவில் காயும் மண்ணும் சேர்ந்த பாலத்தின் விளிம்பு இதற்கு மிகப் பொருந்திற்று. செடியின் இயல்பும் இடத்தின் இயல்பும் ஒத்துப்போயின. அதுவே தேர்வின் வெற்றி.

இலையின் நிறமாற்றமும் நமக்கு உண்டு. நாவல் இனத்தைச் சேர்ந்த கெலாட் மரம் வேலியாகக் கத்தரிக்கப்படும்போதெல்லாம் செந்துளிர் விடுகிறது. ஸ்பைரியா வசந்தத்தில் செய்வதை இது கத்தரிக்கோல் பட்டதும் செய்கிறது. நாட்டு வாதுமை இலைகள் சிவந்து உதிர்கின்றன. மெம்பாட், டிரம்பெட் மரம் போன்றவை வறண்ட நாள்களுக்குப் பின் இளஞ்சிவப்பாய்ப் பூத்துக் குலுங்குகின்றன. இங்கே மரங்களை எழுப்புவது பனியன்று. மழையும் வறட்சியும் மாறிமாறி வருவதே. 2012இல் திறக்கப்பட்ட கரையோரப் பூந்தோட்டத்தின் குளிரூட்டப்பட்ட மலர் மாடத்தில் செர்ரிப் பூக்களையும் காட்சிக்கு வைக்கின்றனர். அங்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது நன்று. ஆயினும் அவ்வண்ணம் கண்ணாடிக்குள் உருவாக்கிய தட்பவெப்பத்தால் வருவது. சாலையோர வண்ணமோ நம் வானிலையால் வருவது. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் வேண்டும்.

தமிழாசிரியர்களுக்கு ஒரு செயல்பாட்டைப் பரிந்துரைக்க விரும்புகிறேன். பள்ளியைச் சுற்றியுள்ள மூன்று மரங்களைத் தேர்ந்து, துளிர், பூ, உதிர்வு ஆகியவற்றை மாதந்தோறும் மாணவர் தமிழில் குறித்துவரட்டும். மழை குறைந்த பிப்ரவரியில் தொடங்கினால் மாற்றம் நன்கு புலப்படும். இட்லிப்பூ வேலியைக் காட்டி, அதுவே வெட்சி என்றும், ஆநிரை கவரச் சென்ற வீரர் சூடியது என்றும் கூறலாம். அப்படியே தேக்காவிலுள்ள பஃபலோ சாலைக்குச் சென்றால், மாட்டு வணிகத்தால் பெயர்பெற்ற தெருவில் இன்று பூமாலைகள் தொங்குவதையும் காட்டலாம்.

பெற்றோர்களே, வீட்டுத் தாழ்வாரத்தில் வெயில் படுமாயின் ஒரு காகிதப்பூச் செடியை வைத்து, அதைப் பேணும் பொறுப்பைப் பிள்ளையிடமே ஒப்படையுங்கள். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கவிடாதீர்கள். அது கொசுவுக்கு இடமாகும். என்று நீரைக் குறைத்தோம், என்று பூத்தது எனப் பிள்ளை எழுதிவைக்கும் குறிப்பேடு, அவ்வீட்டின் முதல் பருவகால ஏடாக அமையும். பூங்குன்றும் பனிப்பருவமும் பாட்டில் மட்டும் உள்ளவை என எண்ணும் பிள்ளை, தன் வாசலிலும் பொழுதுகள் மாறுவதை அறிந்தால், தமிழ் தன் ஊரையும் பேசும் மொழி என்பதை உணரும்.

தங்கள் பள்ளி வளாகத்தில் எம்மரங்கள் எப்போது பூக்கின்றன என்பதை எழுதியனுப்பினால் மகிழ்வேன்.