ஒரு கார் சீட்டின் ஆயுள்

அதன் பிறந்த தேதியைப் பார்க்க அதைக் கவிழ்த்துப் போட வேண்டும். அடிப்பக்கத்துப் பிளாஸ்டிக்கில் ஒட்டியிருந்த வெள்ளை லேபிளில் மாடல் எண்ணுக்குக் கீழே 'மார்ச் 2015' என்றிருந்தது. அருகிலேயே, பத்து ஆண்டுகளுக்குப் பிறகு இதைப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை. எங்கள் மகள் பிறந்தது அந்த ஆண்டு அக்டோபரில். அவளைவிட அந்தக் கார் சீட் ஏழு மாதம் மூத்தது.

நியூ ஜெர்சியின் எடிசனில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு அது செப்டம்பரில் பெட்டியோடு வந்து சேர்ந்தது. அந்த மாதம் முதல் தேதியில்தான் மாநிலத்தின் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. இரண்டு வயதுக்குக் குறைந்த, 30 பவுண்டுக்கு உட்பட்ட குழந்தை காரின் பின்பக்கம் பார்த்தபடி ஐந்து முனைப் பெல்ட்டில் உட்கார வேண்டும். நான்கு வயது அல்லது 40 பவுண்டு ஆகும்வரை பெல்ட் உள்ள கார் சீட்டிலேயே இருக்க வேண்டும். எட்டு வயது அல்லது 57 அங்குல உயரம் எட்டும்வரை பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் இருக்கையாவது வேண்டும். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இதைப் படித்தபோது பரீட்சைக்குப் படிப்பதுபோல் இருந்தது. வயது ஒரு கணக்கு, எடை ஒரு கணக்கு, உயரம் ஒரு கணக்கு. எது முதலில், எது 'அல்லது', எது 'மேலும்' என்று பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன்.

பேறுகாலம் பார்க்க அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தாள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பிய அன்று, மூன்று நாள் குழந்தையைக் கார் சீட்டில் வைத்து நான் பெல்ட்டை இறுக்கியதைப் பார்த்து அவளுக்கு மனசு பதைத்துவிட்டது.

"ஏட்டி, பச்சப்புள்ளய இப்படி வரிஞ்சு கெட்டுதியே, நெஞ்சு நோவாதா? எங்கிட்ட குடு, மடியில வச்சுக்கிடுதேன்."

மூன்று பிள்ளைகளை அம்மா மடியிலேயே வைத்து ஊர் ஊராகப் போயிருக்கிறாள். பஸ்ஸில், ரயிலில், மாமாவின் அம்பாசடரில். மழை வந்தாலும் பிரேக் போட்டாலும் முந்தானையை இழுத்துப் போர்த்தி எங்களைக் காத்த மடி அது. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இங்க சட்டம்மா" என்று மட்டும் சொன்னேன். அது முழுப் பதில் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. முழுப் பதிலைத் தேடித்தான் இந்தக் கார் சீட்டின் முன்னோர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

அமெரிக்காவில் 1933-இல் பன்னி பேர் நிறுவனம் குழந்தைகளுக்கான கார் இருக்கை ஒன்றை விற்றது. பாதுகாப்புக்காகச் செய்ததில்லை அது. ஓட்டுகிறவர் கண்ணில் படும் உயரத்தில் பிள்ளை அடங்கி உட்கார வேண்டும் என்பதே நோக்கம். காரில் குழந்தையைக் காப்பதற்கென்றே யோசித்தவர்கள் வர ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. 1962-இல் டென்வரில் லெனர்ட் ரிவ்கின் உலோகச் சட்டம் வைத்த இருக்கையைச் செய்தார். அதே காலத்தில் பிரிட்டனில் ஜீன் ஏம்ஸ் பின்பக்கம் பார்க்கும் இருக்கையை வடிவமைத்தார். சுவீடனின் பெர்டில் ஆல்ட்மன், ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் புறப்படும் விசையை முதுகில் தாங்கிப் படுத்திருப்பதைக் கவனித்து, குழந்தைக்கும் அதுவே பொருந்தும் என்று கண்டார். பச்சிளம் குழந்தையின் உடல் நீளத்தில் கால்வாசி தலைதான். அதைத் தாங்கும் கழுத்தெலும்புகளோ இன்னும் முழுதாகக் கெட்டிப்படாதவை. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்த குழந்தையின் உடலைப் பெல்ட் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னே பாயும். பின்பக்கம் பார்த்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையின் ஓடு ஒன்றாக ஏந்திக்கொள்ளும். ஆமைக்கு ஓடு செய்வதைத்தான் இது குழந்தைக்குச் செய்கிறது.

கார் சீட்டுகளுக்கான அமெரிக்க மத்திய அரசின் தரநிலை எண் 213 நடைமுறைக்கு வந்தது 1971-இல். மோதல் சோதனை என்ற ஒன்றையே அது கேட்கவில்லை. மணிக்கு சுமார் 48 கிலோமீட்டர் வேகத்தில் பொம்மைக் குழந்தையை வைத்து மோதிப் பார்த்துத் தேறிய பிறகே விற்க வேண்டும் என்ற விதி வர 1981 ஆயிற்று. அந்தப் பத்தாண்டுகளில் நம்பிக்கையோடு அவற்றை வாங்கிப் பிள்ளையை உட்கார வைத்த பெற்றோரை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

பொருள் வந்துவிட்டது, பயன்படுத்தச் சொல்ல ஆளில்லை. அந்த வேலையைச் செய்தவர் டென்னசியின் ரூதர்ஃபோர்ட் கவுண்டியில் பொதுச் சுகாதாரத் துறையை நடத்திவந்த குழந்தை மருத்துவர் ராபர்ட் சாண்டர்ஸ். அவரும் அவர் மனைவி பேட்டும் சட்டமன்ற உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசினார்கள். 1977-இல் சட்டம் நிறைவேறியது. 1978 ஜனவரி முதல் தேதியிலிருந்து, நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தை கார் சீட்டில்தான் போக வேண்டும் என்று சொன்ன முதல் அமெரிக்க மாநிலம் ஆனது டென்னசி.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கைச் சேர்த்துவிட்டார்கள். பெரியவர் ஒருவர் கையில் வைத்துக்கொண்டிருந்தால் குழந்தைக்குக் கார் சீட் தேவையில்லை. அம்மா கேட்ட அதே மடி! அதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உலகத்தின் எந்த மூலையிலும் தாய்மாருக்கு ஒரே மாதிரிதான் தோன்றியிருக்கிறது. சாண்டர்ஸ் அந்த விலக்குக்கு வைத்த பெயர் 'குழந்தை நசுக்கி'. கேட்கக் கொடுமையாக இருந்தாலும் நடப்பது அதுதான். மோதலில் கார் நிற்கும் அந்த நொடிக்கும் குறைந்த நேரத்தில் புவியீர்ப்பைப் போல இருபது மடங்கு விசை வந்தால், பத்துக் கிலோ குழந்தை இருநூறு கிலோவாகக் கனக்கும். எந்தத் தாயின் கையாலும் அதைப் பிடித்துக்கொள்ள முடியாது. தாயும் பெல்ட் போடாதிருந்தால் அவளுடைய எடை முழுவதும் குழந்தையின் மேல்தான் போய் விழும். காத்த மடியே நசுக்கிவிடும். பெரியவர்கள் கையிலிருந்து இறந்துபோன குழந்தைகளின் கணக்கைக் காட்டி, 1981-இல் அந்த விலக்கை நீக்க வைத்தார்கள். 1985-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் ஏதோ ஒரு வகையில் குழந்தை இருக்கைச் சட்டம் வந்துவிட்டது.

'ஏதோ ஒரு வகையில்' என்பதில்தான் பெற்றோரின் குழப்பம் இருக்கிறது. கார் சீட்டை எப்படிச் செய்ய வேண்டும் என்பது மத்திய அரசின் அதிகாரம், அதனால் நாடு முழுதும் ஒரே விதி. சாலையில் அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பது மாநிலத்தின் அதிகாரம், அதனால் ஐம்பது விதி. கலிஃபோர்னியா இரண்டு வயதுவரை பின்பக்கம் பார்க்கச் சொல்கிறது. டெக்சஸ் எட்டு வயதுவரை கார் சீட்டோ பூஸ்டரோ வேண்டும் என்கிறது, எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சொல்வதில்லை.

எங்கள் கார் சீட்டுக்குத் திரும்புகிறேன். மகளுக்கு இரண்டு மாதம் ஆனபோது, அதைச் சரியாகப் பொருத்தியிருக்கிறோமா என்று பார்க்க இலவசச் சோதனை நடக்கும் இடத்துக்கு எடுத்துப் போனோம். இதற்கென்று பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவர்கள் அங்கே இருப்பார்கள். அவர்களில் ஒரு பெண்மணி பெல்ட் போகும் இடத்தில் கை வைத்து அசைத்தார். ஒரு அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாதது மூன்று அங்குலம் நகர்ந்தது. இரண்டு மாதமாக இப்படியேதான் குழந்தையைக் கொண்டு போயிருக்கிறோம். பிறகு குழந்தையின் தோள்மேல் பெல்ட்டை இரண்டு விரலால் கிள்ளிக் காட்டினார். விரலுக்குள் மடிப்புச் சிக்கினால் இறுக்கம் போதாது. மார்புக் கிளிப் வயிற்றில் இருக்கக் கூடாது, அக்குளின் உயரத்தில் இருக்க வேண்டும். அம்மா பின்னிய கம்பளிச் சட்டையின் மேல் போட்டிருந்த தடித்த கோட்டையும் கழற்றச் சொன்னார். மோதலில் கோட்டின் பஞ்சு அமுங்கிவிடும், பெல்ட் தளர்ந்துபோகும். குளிருக்குப் பெல்ட்டைப் போட்டபின் மேலே போர்வை போர்த்துங்கள் என்றார். அம்மா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து மார்புக் கிளிப்பை அக்குள்வரை ஏற்றிவிடுவது அவள் வேலையாயிற்று.

மூன்று வயதில் மகளை முன்பக்கம் திருப்பினோம். ஐந்தில் அவள் பூஸ்டருக்கு மாறினாள். கார் சீட் துடைத்துப் போர்த்தப்பட்டுக் கிடங்கறைக்குப் போனது. அங்கேயும் அதற்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. வெயிலில் காயும் காருக்குள்ளும் பனியிலும் மாறி மாறிக் கிடந்த பிளாஸ்டிக் மெல்ல மெல்ல நொறுங்கும் தன்மைக்குப் போகிறது. தரநிலைகளும் மாறுகின்றன. 2022 மே மாதம் மகன் பிறந்ததும் அதை வெளியே எடுத்து, முதலில் கவிழ்த்து லேபிளைப் பார்த்தேன். இன்னும் மூன்று ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது.

2023 ஜூலையில் கணவருக்கு டென்னசிக்கு மாற்றல். ரூதர்ஃபோர்ட் கவுண்டியில் வீடு பார்த்தோம், சாண்டர்ஸ் வேலை பார்த்த அதே கவுண்டி. காரில் கிளம்பினோம். பின்னிருக்கையில் பதினான்கு மாத மகன் பின்பக்கம் பார்த்தபடி, பக்கத்தில் எட்டு வயதுக்கு மூன்று மாதம் குறைந்த மகள் பூஸ்டரில். எங்கள் பாதை ஆறு மாநிலங்களைத் தொட்டது. பென்சில்வேனியாவில் இரண்டு வயதுவரை பின்பக்கம் பார்க்க வேண்டும். 81-ஆம் நெடுஞ்சாலை மேரிலாந்தைப் பன்னிரண்டே மைலில் கடந்துவிடுகிறது. அங்கேயும் அதே விதிதான், ஆனால் முந்தைய ஆண்டு அக்டோபரில்தான் வந்தது. அடுத்த இருபத்தாறு மைல் மேற்கு வர்ஜீனியா. அந்தச் சட்டத்தில் எட்டு வயதுவரை இருக்கை வேண்டும் என்று உண்டு, பின்பக்கம் என்ற சொல் கிடையாது. பிறகு வர்ஜீனியா, முந்நூறு மைலுக்கு மேல். இரண்டு வயது, அல்லது முன்பக்கம் திருப்பத் தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச எடை. கடைசியில் டென்னசி. அப்போது அங்கே ஒரு வயதைத் தாண்டி 20 பவுண்டுக்கு மேல் போய்விட்டால் முன்பக்கம் திருப்பலாம்.

அதாவது காலையில் எடிசனில் பின்பக்கம் பார்த்தே ஆக வேண்டியிருந்த என் மகனை, மறுநாள் டென்னசிக்குள் நுழைந்ததும் முன்பக்கம் திருப்பினால் யாரும் தடுக்கப் போவதில்லை. மகளுக்கோ தலைகீழ். நியூ ஜெர்சியில் இருந்திருந்தால் மூன்று மாதத்தில் பூஸ்டரிலிருந்து விடுதலை. டென்னசியில் நாலடி ஒன்பது அங்குலம் வளராதவரை ஒன்பது வயது ஆகும்வரை பூஸ்டர்தான். விஷயம் தெரிந்ததும் அவள் மாநில எல்லை வரைக்கும் என்னோடு பேசவில்லை.

இரண்டு பிள்ளைகளின் எலும்பும் எல்லைப் பலகையைத் தாண்டும்போது மாறிவிடவில்லை. சட்டமன்றங்களில் எவ்வளவுக்கு வாக்குக் கிடைத்ததோ அவ்வளவுதான் சட்டமாக எழுதப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே போனால் தண்டனை, அவ்வளவே. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018-இல் வயதுக் கணக்கையே எடுத்துவிட்டது. அந்த இருக்கை அனுமதிக்கும் எடை அல்லது உயரம் எட்டும்வரை பின்பக்கமே பார்க்கட்டும் என்கிறது. எங்கள் கார் சீட்டின் பக்கவாட்டு லேபிளில் பின்பக்கத்துக்கு 40 பவுண்டு என்று போட்டிருந்தது. எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாங்கள் கேட்க வேண்டியது அந்த லேபிளைத்தான் என்று முடிவு செய்தோம். மகனைத் திருப்பவில்லை.

புதிய ஊரில் பழக்கமான ஒரு குடும்பம் எங்களுக்கு மற்றொரு கார் சீட்டைக் கொடுக்க முன்வந்தது, இரண்டாவது காருக்கு. அன்பாகக் கொடுத்தார்கள். கவிழ்த்துப் பார்த்தால் லேபிள் கிழிந்திருந்தது. எத்தனை வயது, ஏதாவது விபத்தில் இருந்ததா என்று அவர்களுக்கும் தெரியவில்லை, அவர்களும் வேறொருவரிடம் வாங்கியது. பெரிய மோதல் ஒன்றைத் தாங்கிய இருக்கையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். நன்றி சொல்லி, காரணத்தையும் சொல்லி மறுத்தேன். அவர்கள் வருத்தப்படவில்லை. அதைத் தூக்கி எறிந்துவிட்டார்கள்.

2025 மார்ச்சில் எங்கள் கார் சீட்டின் ஆயுள் முடிந்தது. மகனுக்கு அப்போது இரண்டே முக்கால் வயது, 31 பவுண்டு. அவன் அதில் ஒருநாளும் முன்பக்கம் பார்த்ததில்லை. துணியுறையை உரித்தபோது உள்ளே பத்து வருடத்துப் பிஸ்கட் தூளும், மகள் எப்போதோ தொலைத்த சிவப்புப் பொட்டுக் காதணியும் இருந்தன. யாரும் குப்பையிலிருந்து எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது என்று பெல்ட்டுகளைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டினோம். ஓட்டின்மேல் கருப்பு மார்க்கரில் 'காலாவதி' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதினார் கணவர்.

அன்று இரவு வீடியோவில் வந்த அம்மாவிடம் வெட்டிய பெல்ட்டைக் காட்டினேன். "அப்பம் புதுசு வாங்கியாச்சா?" என்று கேட்டாள். வாங்கியாச்சு என்றேன். "கவுத்திப் பாத்தியா?"

புதிய பெட்டியைத் திறந்து, போன் கேமராவுக்கு முன்னால் அதைக் கவிழ்த்துப் பிடித்தேன்.