கென்னடி நோய்: முதலில் கண்டவர் யார்?

கென்னடி நோய் என்று ஒன்று இருக்கிறது. பெயரைக் கேட்டதும் சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க அதிபர்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார். அவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது மினசோட்டா பல்கலைக்கழக நரம்பியல் மருத்துவர் வில்லியம் கென்னடியின் பெயர்.

முதலில் நோயைப் பற்றி. பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுக்கு மேல் ஆண்களுக்கு வருகிறது. தோள், தொடைத் தசைகள் மெல்ல மெல்ல இளைத்துக்கொண்டே போகும். கை நடுங்கும். பேசவும் விழுங்கவும் சிரமமாகும். பழுதான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் தாய் வழியாக வருகிறது. தாய்மாமனுக்கு இருந்தது மருமகனுக்கும் வரலாம். நடுவில் இருக்கும் தாய்க்கோ பெரும்பாலும் தொந்தரவு எதுவும் தெரியாது.

1968-ல் கென்னடி, ஆல்ட்டர், சுங் ஆகிய மூவரும் இரண்டு குடும்பங்களை ஆராய்ந்து, இது ஒரு தனி நோய் என்று எழுதினார்கள். இது சாதாரண விஷயம் இல்லை. இந்த நோயை ஏ.எல்.எஸ். என்று தவறாக முடிவு கட்டுவது இன்றும் நடக்கிறது. ஏ.எல்.எஸ். வந்தவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் இறந்துவிடுகிறார்கள். கென்னடி நோய் வந்தவர்களோ பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். எந்த நோய் என்று மருத்துவர் சொல்வதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் எதிர்காலமே மாறிவிடும்.

ஆனால் அதற்கு 71 ஆண்டுகள் முன்பே, 1897-ல், ஜப்பானில் ஹிரோஷி கவஹாரா என்ற மருத்துவர் இதே நோயை ஒரு குடும்பத்தில் கண்டு ஐச்சி மருத்துவ இதழில் எழுதிவிட்டார். ஜப்பானுக்கு வெளியே அதை அதிகம் பேர் படித்திருக்க வழியில்லை.

1991-ல் லா ஸ்படா, ஃபிஷ்பெக் குழுவினர் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை ஏற்கும் புரதத்தின் மரபணுவில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். மற்றவர்களுக்கு அது 35 முறைக்குள் அடங்கிவிடும். நோயாளிகளுக்கு 38 முறையோ அதற்கு மேலோ இருக்கும். அந்த நீண்ட புரதத்தோடு டெஸ்டோஸ்டிரோன் சேரும்போதுதான் நரம்பு செல்லுக்கு ஆபத்து. பெண்கள் தப்பிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் ஹார்மோனைக் குறைத்துப் பார்த்தால் என்ன? நகோயா பல்கலைக்கழகத்தினர் எலிகளிடம் அதைச் சோதித்தார்கள், பலன் கிடைத்தது. புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கொடுத்துவந்த லியூப்ரோரெலின் ஊசியை 2017-ல் ஜப்பான் இந்த நோய்க்கும் அனுமதித்தது. நோயை முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை.

நகோயா இருப்பது அதே ஐச்சி மாநிலத்தில்தான்! கென்னடியைக் குறை சொல்ல முடியாது, அவர் உழைப்பு அவருடையது. ஆனாலும் வணிகவியல் படிக்கும் எனக்கு, கவஹாராவின் வரவை வேறொருவர் கணக்கில் எழுதிவிட்டது போலத்தான் படுகிறது. என்ன கண்டுபிடித்தோம் என்பதோடு, எந்த மொழியில் எழுதினோம் என்பதும் சேர்ந்துதான் பெயரைத் தீர்மானிக்கிறது.